பத்து வட்டம்

செப்டம்பர் 3, செவ்வாய்

ஜனவரியில் சாயம் விற்கும் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக என் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவிவிட்டேன். இப்போது மேசை ஆடுகிறது.

டிசம்பரில் ஆஸ்பத்திரிக்குத் தர ஆய்வு. அதற்கு எங்கள் நோய்க்கூறு பிரிவிலிருந்து ஓர் அறிக்கை வேண்டுமாம்: ஒரே மார்பகக் கட்டியை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே தரம் போடுகிறார்களா? பிரிவில் இருப்பதே இரண்டு பேர்தான். நான், இருபத்தெட்டு வருடம். டாக்டர் நிலோஃபர், நான்கு வருடம். ஒத்துப்போகவில்லை என்றால் யார் பக்கம் கோளாறு என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

வேலை இதுதான். டெக்னீஷியன் செல்வநாயகி பழைய கேஸ்களிலிருந்து நாற்பது ஸ்லைடு எடுத்து, பெயரை மறைத்து, ஒன்று முதல் நாற்பது வரை எண் ஒட்டியிருக்கிறார். யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. மூன்று விஷயத்துக்கு மதிப்பெண். செல்கள் குழாய் குழாயாக ஒழுங்காக நிற்கின்றனவா, உட்கரு எவ்வளவு கோணல், எத்தனை செல் பிரிந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து மூன்று. கூட்டினால் ஐந்து வரை முதல் தரம், ஏழு வரை இரண்டாம் தரம், எட்டு வந்தால் மூன்று. மூன்றாம் தரம் என்றால் கட்டி அவசரக்காரக் கட்டி. பெரும்பாலும் கீமோ ஊசி போடுவார்கள்.

முதல் இரண்டிலும் கண்ணுக்குக் கண் மாறலாம். மூன்றாவதில் வாதத்துக்கே இடமில்லை. மைக்ராஸ்கோப்பில் தெரியும் வட்டத்தை நகர்த்தி நகர்த்தி, பத்து வட்டத்துக்குள் பிரியும் செல்களை எண்ண வேண்டும். பதினைந்தும் அதற்கு மேலும் என்றால் மூன்று மதிப்பெண். என் மேசைக்கு எதிர்ச் சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்தான், பதினொரு வருடத்துக்கு முன்பு. இன்னும் ஒரு மூலைகூடப் பிரியவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

பன்னிரண்டு ஸ்லைடு முடிந்தது. நிலோஃபர் ஒன்பது. அவர் பழைய மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். புதியது வந்தபோது பிரிவுத் தலைவர் என்ற முறையில் அதை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் இரண்டு வருடம் ஆகப்போகிறது. வட்டம் அகலம், வெளிச்சம் பிரமாதம். பழையதிலும் குறை ஒன்றுமில்லை என்று அவரிடம் அன்றே சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் மாடித் தொட்டி ஒழுகுகிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

தமயந்தியின் புது ஜாக்கெட்டில் ஊக்கு ஒன்று இடம் மாறித் தைக்கப்பட்டிருக்கிறது. மாட்டினால் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. தைத்தது ராஜாமணி. எங்கள் தெருமுனையில் பதினெட்டு வருடமாகத் தையற்கடை வைத்திருக்கும் பெண்மணி.

“கொண்டு போய்க் குடுத்து மாத்தித் தைக்கச் சொல்ல வேண்டியதுதானே” என்றேன்.

“சொல்ல மனசு வரலைங்க” என்றாள் என் மனைவி. மனசு ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. ஜாக்கெட் அவளுடையது.

செப்டம்பர் 13, வெள்ளி

நாற்பதும் முடிந்தது. பதினேழாம் எண் ஸ்லைடில் கொஞ்சம் நேரம் பிடித்தது. குழாய் அமைப்பு மூன்று, உட்கரு இரண்டு, பிரியும் செல் பதினாறு. பதினாறு என்றால் மூன்று. மொத்தம் எட்டு. மூன்றாம் தரம். ஒரு செல் பிரிகிறதா சாகிறதா என்று சந்தேகம் வந்தால் அதை நான் எண்ணுவதில்லை. அந்த ஒழுக்கம் எனக்கு உண்டு. ஒழுக்கத்தோடு எண்ணிய பதினாறு அது.

செப்டம்பர் 16, திங்கள்

முடிவு வந்தது. நாற்பதில் முப்பத்தொன்றில் ஒத்துப்போகிறோம். இதை ஓர் எண்ணாக்கிச் சொல்வார்கள், அதற்குக் கப்பா என்று பெயர். ஒன்று வந்தால் இருவருக்கும் ஒரே மூளை. பூஜ்யம் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாம். எங்களுக்கு 0.62. உலகத்தில் பல இடங்களில் இதைவிட மோசம் என்று மெடிக்கல் டைரக்டரிடம் சொன்னேன். அவர் “ரொம்ப நல்லது” என்று சொல்லிவிட்டு லிப்ட் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நிலோஃபருக்கு மட்டும் திருப்தியில்லை. மத்தியானம் காகிதத்தோடு வந்து நின்றார்.

“சார், ஒத்துப்போகாதது ஒன்பது. அதுல எட்டுல நீங்கதான் தரம் கூடப் போட்டிருக்கீங்க.”

“அனுபவம்மா.”

“ரெண்டு பக்கமும் வித்தியாசம் வந்தா மனுஷங்க அப்படித்தான்னு விட்டுடலாம் சார். ஒரே பக்கமா சாஞ்சா…”

“சாஞ்சா?”

“தராசைத்தான் பார்க்கணும்னு தோணுது.”

இந்தத் தலைமுறைக்குத் தோன்றியதை உடனே சொல்லிவிட வேண்டும். பயந்து பயந்து தரத்தைக் குறைத்துப் போடுகிறவர்கள்தான் ஆபத்து என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, ஞாபகம் மங்கியபின், அதே நாற்பதையும் மறுபடி பார்ப்பதாக ஏற்பாடு.

செப்டம்பர் 17, செவ்வாய்

எட்டிலும் வித்தியாசம் பிரியும் செல் எண்ணிக்கையில்தான். வாதத்துக்கே இடமில்லாத அந்த இடத்தில்.

தொட்டிக்கு ஆள் வரவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

தமயந்தி விடவில்லை. அந்த ஜாக்கெட்டையும் தீபாவளிக்குத் தைக்க வேண்டிய துணியையும் என்னிடமே கொடுத்து அனுப்பினாள்.

ராஜாமணி மெஷினில் இருந்தார். ஊக்கைப் பார்த்ததும் அவரே சொல்லிவிட்டார்.

“மன்னிச்சுக்கோங்க டாக்டருங்க. கையில புடிச்சிருக்கறேனா இல்லையான்னே தெரியறதில்லீங்க. மெஷினு வேலை கண்ணு பார்த்துச் சமாளிச்சுக்கறேன். ஊக்கு, எம்மிங்கெல்லாம் கைவேலை பாருங்க. ஊசியில நூலு கோக்கறதுக்கே அரை மணி நேரம் ஆகுது.”

“மரத்துப் போகுதுங்களா?”

“நுனியெல்லாம் துணி சுத்துன மாதிரிதானுங்க. ஊசி போட்டதுல இருந்து.”

அவருக்குப் போன வருடம் மே மாதம் மார்பில் கட்டி எடுத்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில்தான். ரிப்போர்ட்டில் கையெழுத்து: டாக்டர் க. நாச்சிமுத்து. அதாவது நான். சிறிய கட்டி, நெறிக்கட்டிக்குப் பரவவில்லை, ஆனால் மூன்றாம் தரம். கீமோ வேண்டாம், மாத்திரையே போதும் என்று தோன்றுகிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று என் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டார். எட்டு ஊசியும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டார். டிசம்பரில் முடிந்தது.

ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று இன்று சொன்னேன். முடிந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது என்பது திரும்பி வரும் வழியில்தான் நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

மழை ஈரத்தில் என் மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் பூஞ்சை. கோயம்புத்தூரிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்து தலையைக் கழற்றி எடுத்துப்போனார். இரண்டு வாரமாகும்.

“வட்டத்தோட அளவு எடுத்து வெச்சிருக்கீங்களா சார்? திரும்ப மாட்டறப்ப சரிபார்த்துக்கலாம். இன்ஸ்டால் பண்றப்ப அளவுக் கண்ணாடி ஒண்ணு குடுத்துட்டுப் போனனே.”

“இருக்கு” என்றேன். கண்ணாடி இருக்கிறது. இழுப்பறையில்.

அக்டோபர் 7, திங்கள்

இரண்டாம் சுற்று. வேறு வழியில்லாமல் நிலோஃபரின் பழைய மைக்ராஸ்கோப்பில். காலையில் நான், மதியத்துக்கு மேல் அவர். நாற்காலியின் உயரம் எனக்குச் சரிப்படவில்லை.

அக்டோபர் 9, புதன்

இருபத்தெட்டு ஸ்லைடு. எண்ணிக்கை எல்லாவற்றிலும் கம்மியாக வருவதுபோல் தோன்றுகிறது. பதினேழாம் எண்ணில் பதின்மூன்று. இரண்டு மதிப்பெண்தான், மொத்தம் ஏழு, இரண்டாம் தரம். போன சுற்றில் என்ன போட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பவர் மாறவில்லையாம். வேறு கடையில் இன்னொரு முறை பார்த்தேன். அங்கேயும் மாறவில்லை. கண்ணாடிக்காரர்கள் நன்றாக ஒத்துப்போகிறார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. செல்வநாயகி காலையிலேயே எல்லா இழுப்பறையையும் காலி செய்து மேசையில் பரப்பிவிட்டார். திசு சீவும் கத்தி, மெழுகு அச்சு, இடுக்கி, கத்தரிக்கோல், பழைய மைக்ராஸ்கோப், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் மைக்ராஸ்கோப்பின் தலை கோயம்புத்தூரில் இருப்பதால் உடம்புக்கு மட்டும் பொட்டு. அளவுக் கண்ணாடியின் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார். அதன் மூடியில் போன வருடத்துப் பொட்டும் அதற்கு முந்தைய வருடத்துப் பொட்டும் மங்கலாக இருந்தன.

நிலோஃபர் பொரியில் இருந்த கடலையை மட்டும் பொறுக்கித் தின்றபடி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன சார்?”

“அளக்கற கண்ணாடி. ஒரு மில்லிமீட்டரை நூறாக் கீறியிருக்கும்.”

“எதை அளக்க?”

“தேவைப்பட்டா வட்டத்தோட அகலத்தை.”

“தேவைப்பட்டுச்சா சார்?”

செல்வநாயகி கற்பூரம் காட்டினார். கும்பிட்டோம்.

அக்டோபர் 14, திங்கள்

இரண்டாம் சுற்று முடிவு. நாற்பதில் முப்பத்தெட்டு ஒத்துப்போகிறது. கப்பா 0.92. மெடிக்கல் டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து கை கொடுத்தார். முதல் சுற்றைப் பயிற்சி என்று எழுதிவிட்டு இதை மட்டும் ஆய்வுக்குக் காட்டலாம் என்கிறார். மகிழ்ச்சி.

அக்டோபர் 15, செவ்வாய்

என் முதல் சுற்றையும் என் இரண்டாம் சுற்றையும் வைத்துப் பார்த்தேன். ஏழில் நான் என்னோடு ஒத்துப்போகவில்லை. ஏழும் கீழ்நோக்கி.

நிலோஃபர் இரண்டு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே ஆளாக இருக்கிறார்.

அக்டோபர் 16, புதன்

தொட்டிக்கு ஆள் வந்தார். சிமெண்ட் பூசினார். இரண்டு நாள் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அக்டோபர் 18, வெள்ளி

மைக்ராஸ்கோப் திரும்பி வந்துவிட்டது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது பதினேழாம் எண் ஸ்லைடை எடுத்தேன். புதியதில் பதினாறு. பழையதில் பதின்மூன்று. மறுபடி புதியதில் பதினாறு. மறுபடி பழையதில் பதின்மூன்று. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஏன் என்று தமயந்தி கேட்டாள். பசியில்லை என்றேன்.

அக்டோபர் 19, சனி

இழுப்பறை இறுகிக்கொண்டு திறக்கவில்லை. மழைக்காலத்தில் மரம் உப்பும்.

அக்டோபர் 21, திங்கள்

திறந்தது. முதல் இழுப்பிலேயே திறந்தது.

கண்ணாடியை வைத்து அளந்தேன். இருபத்தெட்டு வருட அனுபவம் தேவையில்லை, இரண்டு நிமிட வேலை. பழைய மைக்ராஸ்கோப்பின் வட்டம் அரை மில்லிமீட்டர். சுவரில் இருக்கும் அட்டவணை அதற்கானது. புதியதன் வட்டம் 0.55. வித்தியாசம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் வட்டம் அகன்றால் பரப்பு அதைவிட வேகமாக ஏறும். நான் பத்து வட்டம் பார்த்தால் பழைய கணக்கில் பன்னிரண்டு வட்டம் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வட்டத்தில் எண்ணி, பத்து வட்டத்துக்கான அட்டவணையில் மதிப்பெண் போட்டிருக்கிறேன். 0.55க்குப் பதினைந்து இல்லை, பதினெட்டு வந்தால்தான் மூன்று. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நான் மாணவர்களுக்கு நடத்தியும் இருக்கிறேன்.

இரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். ஒரு தடவைகூட அளந்ததில்லை.

நிலோஃபரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“பூஜை அன்னைக்கு என்னோடதை அளந்துட்டேன் சார். வெள்ளிக்கிழமை உங்க தலை வந்ததும் சாயங்காலம் அதையும் அளந்தேன்.”

“ஏன் சொல்லலை?”

“ரெண்டு நாள் பார்த்துட்டுச் சொல்லலாம்னுதான் சார். நீங்களே இழுப்பறைகிட்ட போய் போய் வந்தீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தேன். அவர் மேல் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

புது மைக்ராஸ்கோப் வந்ததிலிருந்து நான் கையெழுத்திட்ட மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டுகள் இருநூற்றுப் பதினான்கு. செல்வநாயகி ஸ்லைடுகளை இறக்குகிறார். நிலோஃபரும் நானும் தனித்தனியாக, சரியான அட்டவணையோடு, மூன்றாம் தரம் போட்டவற்றை முதலில் மறுபடி பார்க்கிறோம்.

சுவரில் இருந்த அட்டவணையைக் கிழித்தேன். சுண்ணாம்போடு வந்தது.

அக்டோபர் 26, சனி

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குபவை பதினொன்று. அதில் ஏழு பேருக்கு நெறிக்கட்டியில் பரவியிருந்தது, அல்லது வேறு காரணம் இருந்தது. எப்படியும் கீமோ கொடுத்திருப்பார்கள். மீதி நான்கு பேர். அவர்களுக்குக் கொடுத்ததற்கு ஒரே காரணம் மூன்று என்ற எண்.

சாயங்காலம் செல்வநாயகி அந்த நாற்பது ஸ்லைடுகளின் பெயர்ப்பட்டியலைக் கொண்டுவந்தார்.

“பிரிக்கட்டுங்களா சார்?”

“இன்னைக்கு வேண்டாம்.”

“ஏனுங்க சார்?”

“சரி, பிரிங்க.”

பதினேழு: பி. ராஜாமணி, வயது 46. நான்கில் ஒருவர்.

ஸ்லைடைப் பார்த்த அன்று எனக்குத் தெரியாது. இது உண்மை. எந்த நாளிலிருந்து தெரியும் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபர் 28, திங்கள்

மெடிக்கல் டைரக்டருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். முழுதும் படித்தார். திருத்திய ரிப்போர்ட்டைப் புற்றுநோய் டாக்டர் இம்தியாஸுக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த பரிசோதனைக்கு நோயாளிகள் வரும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

“0.92 என்னாகும்?”

“அது ஒரே மைக்ராஸ்கோப்பில் வந்தது சார். 0.62தான் நிஜம்.”

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. இரண்டையும், நடுவில் நடந்ததையும், அப்படியே ஆய்வுக்குக் கொடுப்போம் என்றேன். பதினொரு பேருக்கும் டாக்டர் இம்தியாஸ் சொல்லும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றும் சொன்னேன். ஒருவருக்கு மட்டும் நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

“யாரு?”

“எங்க தெரு.”

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக்கு இரண்டு நாள். தையற்கடைக்கு இது அடித்துப் பிடித்து ஓடும் நேரம். இப்போது போய்த் தொந்தரவு செய்வது முறையில்லை.

அக்டோபர் 30, புதன்

தமயந்தியின் தீபாவளி ஜாக்கெட் வந்தது. ஊக்கு எல்லாம் நேராக இருக்கிறது. மேல் ஊக்குக்குப் பக்கத்தில் உள்துணியில் பழுப்பாக ஒரு புள்ளி. தமயந்தி என்னவென்று தேய்த்துப் பார்த்தாள். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. ரத்தத்தைப் பார்ப்பது என் தொழில்.

நான் தமயந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜாக்கெட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், “இன்னுமா போகலை?” என்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

போனேன். கடையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

“ராஜாமணி, உங்க ரிப்போர்ட்ல மூணாம் தரம்னு போட்டிருந்தேன். அது தப்புங்க. ரெண்டுதான்.”

மெஷினை நிறுத்தினார். “ரெண்டுங்களா?”

“ரெண்டு. நானும் டாக்டர் நிலோஃபரும் தனித்தனியாப் பார்த்தோம்.”

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நெசந்தான்.”

அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி சிரித்தார். “ஒண்ணரை வருசமாச்சுங்க. மூணு, மூணுன்னு மண்டைக்குள்ள அதே ஓட்டம். மூணாம் நம்பர் பஸ் வந்தாக்கூட ஏறாம நின்னுக்குவேன். ரெண்டுங்களா!” எழுந்து போய் ஒரு தட்டில் தீபாவளி முறுக்கு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “நல்ல சேதி கொண்டாந்தீங்க. சாப்பிடுங்க.”

அப்போது எழுந்து வந்திருக்கலாம். திருத்தத்தைச் சொல்லியாகிவிட்டது. நன்றியும் கிடைத்துவிட்டது. அரை முறுக்குத் தின்றேன். நல்ல முறுக்கு.

“இன்னொண்ணும் சொல்லோணுங்க” என்றேன். “ரெண்டுன்னு அன்னைக்கே போட்டிருந்தா அந்த ஊசி போட்டிருக்க மாட்டாங்க. மாத்திரை மட்டும் போதும்னு சொல்லியிருப்பாங்க.”

அவர் கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

“உங்க வீட்டு வாசல்ல வந்து நான் கேட்டனே.”

“கேட்டீங்க.”

“வேண்டாம்னு தோணுதுன்னு சொன்னனே.”

“சொன்னீங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பதினாறு எண்ணினேன், சந்தேகமே வேண்டாம்னு சொன்னேன்.”

“பதினாறு தப்புங்களா?”

“பதினாறு சரிதானுங்க. எத்தனை பெரிய எடத்துல எண்ணினேன்ங்கறதுல தப்பு. மைக்ராஸ்கோப் மாறுச்சு. அளவு மாறுனதை நான் அளந்து பாக்கலை.”

பல வருடம் படித்தவர்களுக்கு நான் ஒரு வாரமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

“டேப்பு இழுத்துப் போன மாதிரிங்க” என்றார். “நம்பரு சரியா இருக்கும். ஜாக்கெட்டு சேராது.” கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைத் தொட்டுப் பார்த்தார். “நாங்க புது டேப்பு வாங்கினா பழசோட சேர்த்துப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் துணியில வெப்போம். நீங்க பாக்கலீங்களா?”

“பாக்கலை.”

“மறந்துட்டீங்களா?”

“இல்லீங்க. தேவையில்லைன்னு நெனச்சேன்.”

முறுக்குத் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோனார். என் கையில் இருந்த பாதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். அழுகிற சத்தம் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஊசி குத்தும் பஞ்சுத் திண்டும் நூல்கண்டுகளும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

“கோத்துக் குடுங்க. பத்து ஊசி. அஞ்சு கறுப்பு, அஞ்சு வெள்ளை.”

கோத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. மைக்ராஸ்கோப் இல்லாமல் என் கண் எவ்வளவு மோசம் என்று இன்றுதான் தெரிந்தது. அவர் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். பத்து முடிந்ததும் திண்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்க.”

“எத்தனை நாளைக்குங்க?”

“வெரலு திரும்பற வரைக்கும்.”

“திரும்பாமலும் போகலாம், ராஜாமணி.”

“அப்பவும் வாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பத்து ஊசி. முப்பது நிமிடம்.

நவம்பர் 14, வியாழன்

நான்கு பேரில் இரண்டாமவர் வந்தார். டாக்டர் இம்தியாஸ் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவின் கணவர் என்னைப் பார்த்துக் கத்தினார். கத்தி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த அம்மா, “ரெண்டுதானா டாக்டர்?” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பத்து ஊசி. இருபத்திரண்டு நிமிடம். நூல் நுனியைச் சாய்வாக வெட்டினால் சுலபம் என்று ராஜாமணி சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

நவம்பர் 20, புதன்

இரண்டு மைக்ராஸ்கோப்புக்கும் அதனதன் அட்டவணையை அதனதன் உடம்பிலேயே ஒட்டியாகிவிட்டது. நிலோஃபர் ஒட்டினார். நான் அளந்தேன். பிறகு அவர் அளந்தார். ஒத்துப்போனது.

நவம்பர் 24, ஞாயிறு

பத்து ஊசி. இருபது நிமிடம். திண்டை ராஜாமணியிடம் நீட்டினேன். கல்யாண ஜாக்கெட் அவசரம் என்று உடனே ஒன்றை உருவிக் கையில் எடுத்தவர், கடைக்கு யாரோ வந்ததால் அளவு எடுக்கப் போய்விட்டார். அவர்களை அனுப்பிவிட்டு வந்து திண்டைப் பார்த்தார். எண்ணினார்.

“ஒன்பதுதான் இருக்குதுங்க.”

“பத்து கோத்தேன்.”

“எண்ணிப் பாருங்க.”

எண்ணினேன். ஒன்பது. அவர் ஒன்றை உருவியது இருவருக்கும் நினைவு வரவில்லை. மேசையில் தேடினோம். மடித்த துணிகளை உதறினோம். அவர் குனிந்து, தரையில் கிடந்த வெட்டுத்துணிகளைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் கையோடு ஒரு கறுப்பு நூலும் தரையில் இழுபட்டுப் போய்வந்தது.

“கையைக் காட்டுங்க” என்றேன்.

நீட்டினார். இடது நடுவிரலின் நுனியில் ஊசி குத்திக்கொண்டு தொங்கியது. பக்கத்தில் கடுகளவு ரத்தம். அவர் அதைப் பார்த்த பிறகுதான் அது அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

நான் ஊசியை உருவித் திண்டில் குத்தினேன்.

“பத்துங்களா?” என்றார்.

“பத்து” என்றேன்.